கட்சி உடைந்தால் பெயர்ப்பலகை யாருக்கு?



சில நாட்களுக்கு முன் எங்கள் மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர், துவரம்பருப்பு மூட்டைக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, ஒரு கட்சி ரெண்டா உடைஞ்சா கொடி, சின்னம், ஆபீஸ் கட்டிடம், பேங்குல கிடக்கிற பணம் எல்லாம் யாருக்குப் போகும்? நம்ம கடையில பங்காளி பிரிஞ்சா ஐந்தொகை எடுத்துப் பிரிச்சுக்கிறோம். அவங்க எப்படிப் பிரிப்பாங்க?"

நல்ல கேள்வி. அவருக்கு அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. இது எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதப்பட்டதல்ல. நம் கல்லாவுக்கு எல்லாக் கட்சிக்காரரும் வாடிக்கையாளரே. நமது மாநிலத்தில் கோஷ்டிச் சண்டையினால் சின்னமே முடங்கி, மறுபடி கிடைத்து, மறுபடி முடங்கி, மறுபடி கிடைத்த கட்சி அ.தி.மு.க. ஆகவே அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

நமது கூட்டு வியாபாரத்துக்கு 1932-ம் வருடத்துப் பங்குதாரர் சட்டம் இருக்கிறது. ஒரு பங்குதாரர் காலமானால், பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கூட்டு அத்துடன் கலைந்துவிடும். கடையின் நற்பெயருக்கும் மதிப்புப் போட்டுக் கணக்குத் தீர்க்க அதில் வழி இருக்கிறது. கட்சிக்கு அப்படிப் பாகப்பிரிவினை கிடையாது. சின்னத்தை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுக்க முடியாது.

இதற்காகவே தேர்தல் கமிஷன் 1968-ல் சின்னங்கள் ஒதுக்கீட்டு உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அதன் 15-வது பத்தி, இரு கோஷ்டிகள் "நாங்களே உண்மையான கட்சி" என்று வந்து நின்றால், விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தைக் கமிஷனுக்குக் கொடுக்கிறது. அதற்கு முதல் பெரிய சோதனை 1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது வந்தது. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைச் சின்னத்துக்கு இரு தரப்பும் சண்டை போட்டன. 1971 தேர்தலில் அது இருவருக்கும் கிடைக்கவில்லை. இந்திரா காந்தி தரப்பு பசுவும் கன்றும் சின்னத்திலும், காமராஜர் இருந்த தரப்பு ராட்டைச் சின்னத்திலும் நின்றன. அந்த வழக்கில் 1971-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புதான் பின்னால் வந்த தகராறுகளுக்கெல்லாம் படிக்கல். எம்.பி., எம்.எல்.ஏ.க்களிலும் கட்சி நிர்வாகக் குழுக்களிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்ப்பதே அதன் சாரம்.

இத்துடன் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. முதலில் மூன்றில் ஒரு பங்கு எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து பிரிந்தால் பதவி போகாது என்று இருந்தது. மொத்த வியாபாரம் செய்தால் குற்றமில்லை, சில்லறை வியாபாரம் செய்தால் குற்றம் என்பது போன்ற இந்தச் சலுகை, 2003-ல் செய்த திருத்தத்தால் எடுக்கப்பட்டது. அதன்பின், மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு கட்சியோடு இணைவதற்கு மட்டுமே வழி இருந்தது. ஆகவே கட்சிக்குள் அதிருப்தி கொண்ட எம்.எல்.ஏ. வெளியே போகவும் முடியாமல், உள்ளே இருக்கவும் மனமில்லாமல் தவிக்கும் நிலை வந்தது. சண்டை கட்சிக்கு உள்ளேயே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பிளவு: புறாவும் சேவலும்

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அவர்கள் புதுக்கட்சி கண்டார். 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலையில் நின்று ஜெயித்ததிலிருந்து அதுவே அக்கட்சியின் முத்திரையானது. 1977 முதல் ஆட்சி. ஆனால் தனக்குப்பின் யார் என்பதை எம்.ஜி.ஆர். எழுதிவைக்கவில்லை. 1987 டிசம்பர் 24-ம் தேதி அவர் காலமானார். கட்சி அந்த வாரமே இரண்டாகிவிட்டது.

திரு. ஆர்.எம்.வீரப்பன் போன்றோர் எம்.ஜி.ஆரின் துணைவியார் திருமதி ஜானகி அம்மையாரை முன்னிறுத்தினர். திரு. நெடுஞ்செழியன் போன்றோர் கொள்கை பரப்புச் செயலாளராக இருந்த செல்வி ஜெயலலிதாவின் பக்கம் நின்றனர். எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் ஜானகி அம்மையார் பக்கம். 1988 ஜனவரி 7-ல் அவர் முதலமைச்சரானார். ஜனவரி 28-ல் நம்பிக்கை ஓட்டெடுப்பு. அன்று சட்டசபையில் அடிதடி நடந்து போலீஸ் உள்ளே வந்ததை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாளில் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. ஒரு வருடம் ஜனாதிபதி ஆட்சி.

1989 ஜனவரித் தேர்தலுக்கு இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா அணிக்குச் சேவல். காங்கிரசும் தனியாக நின்றது. முடிவு என்ன? ஜெயலலிதா அணி ஏறக்குறைய 21 சதவீத ஓட்டு வாங்கி 27 இடங்களில் வென்றது. ஜானகி அணிக்குச் சுமார் 9 சதவீதம், இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையாரே தோற்றார். தி.மு.க.வோ ஏறக்குறைய 33 சதவீத ஓட்டில் 150 இடங்களைப் பிடித்து, 13 வருடங்களுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது.

இங்கே வியாபாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எம்.எல்.ஏ.க்களை எண்ணினால் ஜானகி அம்மையாருக்குப் பெரும்பான்மை. ஓட்டை எண்ணினால் ஜெயலலிதாவுக்கு. குடோனில் சரக்கு யாரிடம் அதிகம் என்பது வேறு. வாடிக்கை யார் கடைக்கு வருகிறது என்பது வேறு.

அடுத்து நடந்ததுதான் புத்திசாலித்தனம். தோற்ற சில வாரங்களில், 1989 பிப்ரவரியில், இரு அணிகளும் இணைந்தன. ஜானகி அம்மையார் அரசியலிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. ஒத்திவைக்கப்பட்டிருந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி இரண்டு தொகுதிகளுக்கும் மார்ச்சில் தேர்தல் நடந்தபோது, ஆளும் கட்சியை எதிர்த்து இரண்டிலும் ஒன்றுபட்ட அ.தி.மு.க. ஜெயித்தது. 1991-ல் காங்கிரஸ் கூட்டணியுடன் ஆட்சியையே பிடித்தது. தோற்றவர் ஒதுங்கியதும், ஜெயித்தவர் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டதும் அந்த ஒருமுறை நடந்தது.

இரண்டாம் பிளவு: தொப்பி, மின்கம்பம், குக்கர்

ஜெயலலிதா அவர்களும் அடுத்தவர் யார் என்று சொல்லவில்லை. 2016 டிசம்பர் 5-ல் அவர் மறைந்தார். அன்று நள்ளிரவு கடந்து திரு. ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவியேற்றார். டிசம்பர் 29-ல் பொதுக்குழு திருமதி சசிகலாவை இடைக்காலப் பொதுச்செயலாளராக நியமித்தது. 2017 பிப்ரவரி 5-ல் அவரையே சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். ஓ.பி.எஸ். ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிப்ரவரி 7-ம் தேதி இரவு மெரினா சமாதியில் உட்கார்ந்து, எழுந்து, நிர்ப்பந்தத்தால் கொடுத்தேன் என்றார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். 14-ம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவுக்குத் தண்டனை உறுதியானது. 16-ம் தேதி திரு. எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர். 18-ம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. இத்தனையும் பதினாலு நாளில்.

மார்ச் 22-ல் இரட்டை இலை மறுபடி முடங்கியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்குச் சசிகலா தரப்பில் திரு. தினகரனுக்குத் தொப்பி, ஓ.பி.எஸ். தரப்புக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். பண விநியோகப் புகாரால் அந்தத் தேர்தலே ரத்தானது. ஆகஸ்ட் 21-ல் எடப்பாடி, ஓ.பி.எஸ். அணிகள் இணைந்தன. மறுநாளே தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வரை மாற்றக் கோரிக் கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட, மற்ற 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். 2018-ல் ஐகோர்ட்டும் அதைச் சரி என்றது. அதே சமயம் பிப்ரவரியில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓ.பி.எஸ். அணி எம்.எல்.ஏ.க்களின் பதவி போகவில்லை. கடிதம் கொடுத்தவருக்குப் பதவி போயிற்று, எதிர்த்து ஓட்டளித்தவருக்குப் போகவில்லை. யார் தராசைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தே எடை அமைகிறது.

2017 நவம்பர் 23-ல் சின்னம் இணைந்த அணிக்குக் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து ஆர்.கே. நகரில் மறுபடி தேர்தல். ஆட்சி, கட்சி, இரட்டை இலை மூன்றும் ஒரு பக்கம். பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். பழைய பலகை மாட்டினால் வாடிக்கை தானாக வரும் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் ஒரு நாள் கூட்டத்தை நம்பிப் புதுக்கடை திறந்தவருக்கும் அது பாடமாயிற்று. 2018-ல் அவர் தொடங்கிய அ.ம.மு.க. 2019 பாராளுமன்றத் தேர்தலில் சுமார் 5 சதவீத ஓட்டு வாங்கியும் ஒரு இடமும் பெறவில்லை. அ.தி.மு.க.வுக்கும் தேனி ஒன்றுதான் மிஞ்சியது. எஞ்சிய 38 இடங்களையும் தி.மு.க. கூட்டணி எடுத்துக்கொண்டது.

மூன்றாம் பிளவு: இரண்டு கையெழுத்து

இணைந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு, நம் கூட்டு வங்கிக் கணக்கு போன்றது. ஓ.பி.எஸ். ஒருங்கிணைப்பாளர், எடப்பாடியார் இணை ஒருங்கிணைப்பாளர். வேட்பாளருக்குச் சின்னம் தரும் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆட்சி இருந்தவரை இது ஓடியது. கல்லாவில் பணம் புழங்கும்வரை பங்காளிகளுக்குள் சண்டை வெளியே தெரியாது. 2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, அ.தி.மு.க.வுக்கு 66 இடம். அடுத்த வருடம் "ஒற்றைத் தலைமை" என்ற பேச்சு எழுந்தது.

2022 ஜூன் 23-ல் வானகரத்தில் பொதுக்குழு. விடிவதற்குள் ஐகோர்ட்டில் விசாரணை நடந்து, முன்பே ஒப்புக்கொண்ட 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் முடிவு செய்யக்கூடாது என்று உத்தரவானது. கூட்டத்தில் அந்த 23 தீர்மானங்களையும் நிராகரித்தார்கள். ஓ.பி.எஸ். மீது தண்ணீர் பாட்டில் வீசப்பட்டது. ஜூலை 11-ல் மறுபடி பொதுக்குழு. எடப்பாடியார் இடைக்காலப் பொதுச்செயலாளர், ஓ.பி.எஸ். நீக்கம். அதே நேரத்தில் ராயப்பேட்டைத் தலைமைக் கழகத்தில் கல்லெறி, கதவுடைப்பு. வருவாய்த் துறை வந்து கட்டிடத்துக்குச் சீல் வைத்தது. அந்தக் கட்டிடம், முதல் பிளவில் தோற்று ஒதுங்கிய ஜானகி அம்மையார் கட்சிக்குக் கொடுத்தது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஜூலை 20-ல் சாவியை எடப்பாடியாரிடம் கொடுக்க ஐகோர்ட் உத்தரவிட்டது. வங்கிகளுக்கு இரு தரப்பும் தனித்தனியே கடிதம் எழுதின.

இதில் அடிபட்டவர் சிறியவர். அந்தச் சமயம் உள்ளாட்சி இடைத்தேர்தல் நடந்தது. இரண்டு கையெழுத்தும் சேராததால் படிவம் இல்லை, அ.தி.மு.க. ஆட்கள் சுயேச்சைச் சின்னத்தில் நின்றார்கள். மேலே இரண்டு முதலாளிகள் பேசிக்கொள்ளவில்லை என்றால் கீழே சில்லறைக்காரனுக்குச் சரக்கு வராது.

சண்டையின் வேர் விதிப் புத்தகத்தில் இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கவேண்டும், அந்த விதியை மாற்றக்கூடாது என்று எம்.ஜி.ஆர். காலத்தில் எழுதிவைத்திருந்தார்கள். 2017-ல் அந்தப் பதவிக்குப் பதிலாக இரட்டைப் பதவிகள் உண்டாக்கினார்கள். 2022 ஜூலையில் அவற்றை எடுத்துவிட்டுப் பழைய பதவியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் போட்டியிட விரும்புகிறவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் 10 பேர் வழிமொழியவும் வேண்டும் என்று சேர்த்தார்கள். மாவட்டச் செயலாளர்கள் யார் கையில் இருக்கிறார்களோ அவருக்கு எதிராக வேறு எவரும் மனுவே போட முடியாது. ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி ஓ.பி.எஸ்.சுக்குச் சாதகமாகவும், மேல் பெஞ்ச் எடப்பாடியாருக்குச் சாதகமாகவும் சொல்லி, 2023 பிப்ரவரி 23-ல் சுப்ரீம் கோர்ட் பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச் 28-ல் எடப்பாடியார் பொதுச்செயலாளரானார்.

ஐந்தொகை போட்டுப் பார்த்தால்

வழக்கில் ஜெயித்தாயிற்று. வியாபாரம் என்ன ஆயிற்று? 2024 பாராளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. ஓ.பி.எஸ். ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார். அங்கே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே வேறு சிலரும் மனுச் செய்தது, போலி லேபிள் ஒட்டிய எண்ணெய் டின்னை நமக்கு நினைவூட்டும். தேனியில் தினகரன் தோற்றார். அவரைத் தோற்கடித்த தி.மு.க. வேட்பாளர் யார்? 2017-ல் அவருக்காகப் பதவி இழந்த அந்த 18 பேரில் ஒருவரான திரு. தங்க தமிழ்ச்செல்வன். பங்காளிகள் சண்டை போடும் கடையிலிருந்து கெட்டிக்கார ஆட்கள் எதிர்க்கடைக்குப் போவது உலக வழக்கம்.

2025-லும் இது ஓயவில்லை. 1977-ல் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆன கொங்குப் பகுதி மூத்தவர் திரு. செங்கோட்டையன், பிரிந்தவர்களைச் சேர்க்கவேண்டும் என்று செப்டம்பர் 5-ல் பத்து நாள் கெடு வைத்தார். மறுநாளே கட்சிப் பொறுப்புகள் போயின. அக்டோபர் 31-ல் கட்சியிலிருந்தே நீக்கம். நவம்பரில் அவர் நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார்.

1989-க்கும் பின்னர் வந்த பிளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அன்று தோற்றவுடன் கணக்கைத் தீர்த்துச் சேர்ந்தார்கள். பின்னர் வந்தவர்கள், யார் உண்மையான வாரிசு என்று கோர்ட்டில் நிரூபிப்பதையே வியாபாரமாக்கிக்கொண்டார்கள்.

நமக்கு இதில் என்ன?

பிறர் வீட்டுக் கதையை மட்டும் எழுதினால் அழகாகாது. நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். தகப்பனார் காலத்துக் கூட்டு மண்டியில், அவர் போனபின், எனக்கும் பங்காளிக்கும் மனஸ்தாபம். பத்திரம் பழையது, அவருக்குப்பின் யார் கல்லாவில் உட்காருவது என்று அதில் ஒரு வரி இல்லை. வாடிக்கையைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். பெயர்ப்பலகை யாருக்கு என்று மூன்று வருடம் வழக்காடினோம். வழக்கில் ஜெயித்தது நான்தான். பலகையைத் திரும்ப மாட்டிய அன்று, எங்களிடம் இருபது வருடம் மிளகாய் வாங்கிய கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் வாசலோடு போனார். கூப்பிட்டேன். "உங்க ரெண்டு பேருகிட்டயும் மாத்தி மாத்திப் பதில் சொல்ல முடியல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதி வாடிக்கை மூன்றாவது மண்டிக்குப் போயிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க எனக்கு வழக்கு நடந்ததைவிட அதிக வருடம் ஆயிற்று.

நமது சங்கங்களும் விலக்கல்ல. மே 5 வணிகர் தினத்தை ஒரே மேடையில் கொண்டாடிய நாம், தலைமைத் தகராறால் தனித்தனி மாநாடு நடத்தியதை மறைக்க முடியாது. வரி விஷயமாக அதிகாரியைப் பார்க்கப் போனால், "உங்களில் யாருடன் பேசுவது?" என்ற கேள்விக்கு நாம்தானே தலைகுனிகிறோம். திருக்குறளில் உட்பகைக்கென்று ஓர் அதிகாரமே இருப்பது நாம் படிப்பதற்காகத்தான்.

ஆகவே என் அனுபவத்தில் தோன்றிய சில யோசனைகள்:

1. கூட்டு வியாபாரம் செய்வோர், தமக்குப்பின் யார் என்பதை உயிரோடு இருக்கும்போதே பத்திரத்தில் எழுதிவிடவும். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் எழுதாததன் விலையைப் பார்த்தோம்.

2. இரண்டு கையெழுத்து வைத்தால், ஒருவர் போட மறுத்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதவும்.

3. சங்க விதிகளைத் தேர்தல் நெருங்கும்போது திருத்தாதீர்கள். திருத்தினால், எதிர்த்து நிற்பவருக்கும் மனுப் போட வழி விடுங்கள். போட்டியில்லாத வெற்றி, போட்டியாளர் தனிச் சங்கம் தொடங்க அழைப்பு.

4. தோற்றவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்குங்கள். நீக்குவது ஒரு நிமிட வேலை. நீக்கப்பட்டவர் எதிர்க்கடையில் உட்காருவது பல வருட நஷ்டம்.

5. அரசியல் கோஷ்டிகளில் நமது கடைவாசலை ஒரு தரப்புக்குக் கொடுக்கவேண்டாம். ஒரு கோஷ்டிக்கு நன்கொடை கொடுத்தால் மறு கோஷ்டியும் ரசீதுப் புத்தகத்தோடு வரும். கட்சிக்காரருக்குக் கடன் கொடுத்தால் பேரேட்டில் கட்சியின் பெயரில் எழுதாமல், வாங்கியவர் பெயரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கவும். கட்சி உடைந்தபின் பாக்கியை எந்த அணியும் ஏற்காது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கடை இரண்டுபட்டால் கொண்டாட்டம் எதிர்க்கடைக்கு. நமது சங்கத்திலும் நிர்வாகிகள் தேர்தல் வரும்போது, இரண்டு பட்டியலாக நிற்பவர்கள் ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் ஒருவர் கடையில் மற்றவர் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.